வாசலிலை நிண்ட பொலிஸ்காரன்

ஊருக்கெல்லாம் நியாயம் பிளக்கிற வாயை வீட்டிலை ஒருக்கால் மூடி வைச்சால் என்ன குறைஞ்சு போகும் எண்டு கேட்டுப்போட்டுத்தான் தம்பி, இவர் காரை எடுத்துக்கொண்டு போறார். உங்களுக்கும் கேட்டிருக்கும். கேக்காத மாதிரி யன்னல் பக்கம் திரும்பி எலுமிச்சை மரத்தைப் பாத்தனீங்கள், நான் கண்டனான். பரவாயில்லை. கலியாணம் கட்டின நாளிலை இருந்து அதே வசனம்தான். யாழ்ப்பாணத்திலை சொன்னதை சிட்னியிலை மாத்திச் சொல்லவேணும் எண்டு சட்டமே?

எழும்பாதையுங்கோ, இருங்கோ. அவர் என்ரை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனவர். விமலாவுக்கு இஞ்சை செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு பிஸ்கற் பக்ரறியிலை வேலை. சனிக்கிழமையும் ஓவர்ரைம் எண்டால் ஓடிப்போவாள். வீட்டிலை இருந்தால் யோசினை வருமாம். அவள் வர முந்தி நான் உங்களோடை கதைக்கவேணும். அதுதான் காலமைச் சண்டை. உங்களை மெல்போனிலை இருந்து வரச்சொன்னது இவர். விமலாவை நேரை உங்களுக்கு முன்னாலை இருத்தவேணும் எண்டதும் இவர். பொறுங்கோ, முதல் நான் கதைக்கிறன் எண்டது நான். ஏன் எண்டு கேட்டார். நான் சொல்லேல்லை. கதைக்கவேண்டாத இடத்திலை கதை, கதைக்கவேண்டிய இடத்திலை ஊமை எண்டு அதுக்கும் ஒரு பாட்டு.

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. ராமுழுக்க றெயினிலை இருந்து வந்த முகம் அப்பிடியே தெரியுது. சீனி காணுமோ?

ஓம், அந்தப் பேப்பர்த் துண்டு. எடுத்து விரிக்கத் தேவையில்லை, எனக்குப் பாடம். உங்களுக்கு வர முந்தியே எனக்கு வந்திட்டுது. கொழும்பிலை இருக்கிற எங்கடை மச்சாள் நாகேஸ்வரி வெட்டி அனுப்பினவ. போன ஆவணிக் கலவரத்திலை, விமலா இருந்த அந்தச் சிங்கள ஊர்த் தபால்கந்தோர் எப்பிடி எரிஞ்சது எண்டு அரசாங்கம் கண்டுபிடிச்சிருக்கிற சங்கதி. தம்பி, நான் கேக்கிறன், பட்டப்பகலிலை ஆர் விளக்குக் கொளுத்துறது? மண்ணெண்ணெய் விளக்குச் சரிஞ்சு தீப்பிடிச்சதாம். போஸ்ற்மாஸ்ரர் தபால் மூட்டையளைக் காப்பாத்தப்போய்ப் புகையிலை அகப்பட்டுச் செத்தாராம். வெளியிலை நிண்ட சனம்? இனந்தெரியாத வெளியூர் ஆக்களாம். எங்கடை சிறி எந்தக் கதவிலை திறப்பைத் தொங்கவிடுறவன் எண்டு வெளியூர் ஆக்களுக்குத் தெரியுமோ? அந்தச் சனத்துக்கு மணியோடர் எழுதிக் குடுத்து, பென்சன் காசு எண்ணிக் குடுத்து, கடுதாசி வாசிச்சுக் காட்டின மனுசன். வந்து நிண்டதிலை பாதிப்பேரின்ரை கைநாட்டு அவனுக்குத் தெரியும்.

சிறி எண்டது விமலாவின்ரை புருசன், அந்தப் போஸ்ற்மாஸ்ரர். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒழுங்காய்ச் சொல்லவேணுமெல்லே. அந்த ஊரின்ரை பேரை விமலா இப்ப வாயாலை சொல்லுறேல்லை, அதாலை நானும் சொல்லேல்லை.

அந்த அறிக்கையின்ரை எழுத்தைப் பாத்தனீங்களோ? நான் கொன்வென்ற்றிலை படிச்சனான். சிஸ்ரர் பெர்னடெற்றிட்டை கொம்பொசிசன் கட்டுரைக்குப் பரிசு எடுத்தனான். எழுத்து எண்டால் எனக்குத் தெரியும். அசம்பாவிதம் நேர்ந்தது. உயிரிழப்பு ஏற்பட்டது. பதற்றம் நிலவியது. ஆர் செய்தது எண்டு ஒரு வரியிலையும் ஒருத்தரும் இல்லை. எல்லாம் மழை மாதிரித் தன்ரைபாட்டிலை வந்து பெய்ஞ்சிட்டுப் போயிருக்குது. நாங்கள் அப்பிடி எழுதியிருந்தால் சிஸ்ரர் அடிமட்டத்தாலை விரல் மொளியிலை அடி தந்திருப்பா.

என்ன? அந்தப் பொலிஸ்காரனோ. அவனை இப்ப விடுங்கோ.

விடுங்கோ எண்டுறன். ஒரு பிஸ்கற் எடுங்கோ. விமலா கொண்டு வாறது, உடைஞ்சதுகளை அங்கை வேலை செய்யிற ஆக்களுக்குச் சும்மா குடுப்பினம். இந்த வீட்டிலை முழுப் பிஸ்கற் கண்டு கனகாலம். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி ஒருநாள் வேலிக்கு மேலாலை கேக்கிறா, உங்கடை நாட்டிலை என்ன சண்டை, நீங்கள் எந்தப் பக்கம் எண்டு. கிரிக்கெற் மாதிரி. நாங்கள் வீட்டுக்குள்ளை இருந்த பக்கம் எண்டு சொன்னனான். விளங்கேல்லை அவவுக்கு. ஒரு கேக் கொண்டுவந்து தந்திட்டுப் போனா. நல்ல மனுசி.

சரி. நீங்கள் விடுற ஆள் இல்லை. சட்டம் படிச்ச பிள்ளையெல்லே. உங்களுக்கு வேண்டியது அவன்தான், எனக்குத் தெரியும். கான்ஸ்டபிள் சோமபால. ஒரு கான்ஸ்டபிளின்ரை கவனக்குறைவு, அவரை வேலையாலை நிப்பாட்டியாச்சு, வேறை ஒரு உத்தியோகத்தரிலையும் பிழை இல்லை எண்டு அரசாங்கம் கை கழுவிப்போட்டுது. நீங்கள் சொல்லுறீங்கள், ஒருத்தன் இல்லை, முழு ஸ்ரேசனும் நிண்டு பாத்தது, அதை விமலாவின்ரை வாயாலை எடுத்துத் தமிழ்ச் சங்கப் பேப்பரிலை போடவேணும் எண்டு. சரியான வேலை. ஸ்ரேசன் முழுக்க உள்ளுக்கை இருந்து கதவைச் சாத்தினது உண்மை. இன்ஸ்பெக்ரர் ரெலிபோனை எடுக்கேல்லை, அதுவும் உண்மை. அதெல்லாம் விமலா கொடுத்த வாக்குமூலத்திலை இருக்குது. நாலு பக்கம். அதை இங்கிலீசிலை எழுதினது நான்தான். இந்த மேசையிலை, நீங்கள் இருக்கிற அதே கதிரையிலை இருந்து எழுதினனான்.

அவளுக்கு இங்கிலீஸ் அவ்வளவு ஓடாது. எனக்கும் அவளுக்கும் வயது கனக்க இடைவெளி. நான் படிக்கேக்கை கன்னியாஸ்திரிமார், இங்கிலீஸ். அவள் படிக்கேக்கை எல்லாம் தமிழுக்கு மாறியிட்டுது. அப்ப அவள் வந்து ரெண்டு கிழமை இருக்கும். போர்வையைச் சுத்திக்கொண்டு, அந்தா அந்த அடுப்புக்குப் பக்கத்திலை குந்தியிருந்து சொல்லுவாள். நான் எழுதுவன். அவளின்ரை மகள் பத்மா மேசைக்குக் கீழை படுத்திருப்பாள். நெருப்புக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டால் அவள் அதுக்குள்ளை போயிடுவாள். இப்ப கொஞ்சம் பரவாயில்லை.

விமலா சொன்னதை அப்பிடியே சொல்லட்டோ? சோமபால தபால்கந்தோர் வாசலிலை நிண்டவர் எண்டாள். தனிய நிண்டவராம். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை, போஸ்ற்மாஸ்ரர் குடும்பம் காலமையே பஸ் ஏறிட்டுது எண்டு சனத்துக்குச் சொல்லிக்கொண்டு நிண்டவராம். கத்தி வீசினவனைத் தடுக்கக் கையைக் குடுத்து, உள்ளங்கை பிளந்ததாம். சனம் முன்பக்கத்தைச் சுத்தேக்கை பின்பக்கத்தாலை ஓடிவந்து விமலாவையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு தன்ரை குவாட்டர்ஸுக்குப் போய், பொஞ்சாதியின்ரை சீத்தையை, சிங்களப் பொம்பிளையள் கட்டுற அந்தப் பூப்போட்ட துணியை, உடுக்கக் குடுத்து, பொட்டை அழிக்கச் சொல்லி, பிள்ளை தமிழிலை அழக்கூடாது எண்டு வாயிலை கருப்பட்டித் துண்டை வைச்சவையாம். அந்தக் கையோடை சிறியைக் கூட்டிவரத் திரும்பி ஓடினவர். அதுக்குள்ளை முடிஞ்சு போச்சு.

இதைத்தான் அவள் சொன்னவள். ஒருக்கால் இல்லை, ஒவ்வொரு நாளும் சொல்லுவாள். சிறியைப் பற்றிச் சொல்லுறதிலும் பாக்க அந்த மனுசனைப் பற்றித்தான் கூடச் சொல்லுவாள். எனக்கு விசர் வரும். உன்ரை புருசனைக் கொலை செய்தவங்களைப் பற்றிச் சொல்லடி எண்டால், தெரியாதாம். ஆரெண்டு தெரியாதாம். முகம் தெரியும், பேர் தெரியாது. தம்பி, கொளுத்த வாறவன் தன்ரை பேரைச் சொல்லிப்போட்டே கொளுத்துறான்? எங்களுக்கு உதவி செய்தவன்ரை பேர்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் இந்த வீட்டிலை ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம். எங்கடை வரவேற்பறை முழுக்க எஞ்சினியர்மாரும் டொக்ரர்மாரும். பேர் இல்லாத வாக்குமூலம் வெறும் வதந்தி எண்டார் ஒருத்தர். நல்ல பொலிஸ்காரன் ஒருத்தனைக் காட்டினால் அரசாங்கம் அவன்ரை முதுகுக்குப் பின்னாலை முழுக்க ஒளிச்சிடும் எண்டார் இவர். என்ரை புருசன் அருமைநாதன். அவையைச் சாட்டலாம். ஆனால் பேனை அவையின்ரை கையிலை இருக்கேல்லை. வடை பொரிச்ச கையைத் துடைச்சிட்டு வந்து எழுதினது நான்.

கான்ஸ்டபிள் சோமபால வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வசனம். இங்கிலீசிலை இன்னும் வடிவாய் இருக்கும். கை வெட்டை எடுத்தன், சீத்தையை எடுத்தன், கருப்பட்டியை எடுத்தன். பேரை மட்டும் அப்பிடியே விட்டன். எங்கையோ இருக்கிற ஒரு கான்ஸ்டபிள்தானே, இன்ஸ்பெக்ரரை விட்டிட்டு அவனை ஆர் பிடிக்கப்போறான் எண்டு நினைச்சன். வாசிச்சுக் காட்டக்கூட இல்லை நான். அக்கா எழுதினால் சரியாய்த்தான் இருக்கும் எண்டு விமலா கையெழுத்து வைச்சாள். அப்பிடியே அரசாங்க விசாரணைக்கு அனுப்பியாச்சு.

இப்ப அந்தத் துண்டை விரியுங்கோ. கடைசிப் பந்தி. இறந்தவரின் மனைவியே சத்தியம் செய்து கூறியுள்ளபடி. கண்டீங்களோ? மிச்சம் எல்லாம் நம்பத்தக்கதில்லையாம். துக்கத்தாலை குழம்பின மனுசியின்ரை கற்பனையாம். பூட்டின கதவு கற்பனை, எடுக்காத ரெலிபோன் கற்பனை, சனம் கற்பனை. அந்த ஒரு வசனம் மட்டும் நம்பத்தக்கதாம்.

நாலு பக்கத்திலை தம்பி, அது ஒண்டுதான் பொய்.

நாகேஸ்வரி எழுதியிருக்கிறா, குவாட்டர்ஸை விட்டு சோமபால குடும்பத்தை எழுப்பியாச்சாம். ஊர்ச்சனம் அவனைத் தமிழற்றை நாய் எண்டு சொல்லுதாம். பேப்பர் அவன் தமிழரைச் சாகவிட்டவன் எண்டு சொல்லுது. அவனுக்கு ஒதுங்க எந்தப் பக்கம் நிழல்? ராவிலை அந்தக் கையை நினைப்பன். தேங்காய்ப்பூப் பக்கற்றை வெட்டக் கத்தியை எடுத்தாலும் நினைப்பன்.

விமலாவுக்குத் தெரியாது. அவள் சோமபாலவின்ரை பொஞ்சாதிக்கு ஒரு பார்சல் கட்டித் தந்தவள். தன்ரை முதல் சம்பளத்திலை வேண்டின நீலக் கார்டிகன் ஒண்டு, அவவின்ரை குழந்தைக்குச் சப்பாத்து, பத்மா கீறின ஒரு படம். அந்தச் சீத்தையும் அதுக்குள்ளை இருக்குது, தோய்ச்சு மினுக்கி. அக்கா, வடிவான இங்கிலீசிலை விலாசம் எழுதி அனுப்பிவிடுங்கோ எண்டவள். பேப்பர் வந்த கிழமைதான் தந்தவள். நான் அனுப்பேல்லை. எந்த விலாசத்துக்கு அனுப்புறது? துவாய் அலுமாரிக்குள்ளை, பின்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறன். பதில் வந்ததோ எண்டு ஒவ்வொரு பின்னேரமும் கேப்பாள். தபால் எடுபட இப்பல்லாம் சுணக்கம் எண்டுவன். போஸ்ற்மாஸ்ரற்றை பொஞ்சாதிக்கு நான் தபால் படிப்பிக்கிறன்.

சொல்லுங்கோ தம்பி, நீங்கள் சட்டம் படிச்சனீங்கள். ஒரு வசனத்தை மட்டும் திருப்பி எடுக்க வழி இருக்கோ? எடுத்தால் என்ன சொல்லுவாங்கள்? பாத்தீங்களோ, பொய்க்காரி, வாக்குமூலம் முழுக்கப் பொய் எண்டுவாங்கள். சிறி விளக்காலை செத்தவன் ஆயிடுவான். எடுக்காமல் விட்டால் அவன், அந்தக் கையோடை… அரசாங்கத்துக்கு நான் பொய் எழுதக் கற்றுக் குடுக்கத் தேவையில்லை, அவை கெட்டிக்காரர். ஆனால் இந்தமுறை எடுத்துக் குடுத்தது நானெல்லே. விளக்கு அவையின்ரை. வாசல் என்ரை.

உங்களிட்டை நான் கேக்கிறது ஒண்டுதான். அந்தத் துண்டை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ. இண்டைக்கு அவளிட்டைக் காட்டாதையுங்கோ. நானே ஒருநாள் ஆறுதலாய்…

ஏன் எழும்புறியள்? ஆரைப் பாக்கிறியள்?

விமலா.

கார்ச் சத்தம் கேக்கேல்லையே. அத்தான் எங்கை? வேளைக்கு விட்டிட்டினமோ, நடந்தே வந்தனி? வெயிலுக்கை. பின்கதவாலை ஏன் பூனை மாதிரி… எவ்வளவு நேரமாய் அதிலை நிக்கிறாய்? அந்த பக்ரறித் தொப்பியைக் கழட்டு முதல். இவர்தான் மெல்போன் தம்பி. இரு. தேத்தண்ணி போடுறன்.

எங்கை போறாய்? அதுக்குள்ளை துவாயள்தான்… பிள்ளை, எல்லாத்தையும் இழுத்து விழுத்தாதை. சரி, எடு. உன்ரை பார்சல்தானே. எடு.

அதைத் தூக்கிக்கொண்டு இப்ப எங்கை? சனிக்கிழமை பின்னேரம், போஸ்ற் ஒவ்வீஸ் பூட்டிக் கிடக்கும். விலாசமும் அது இல்லை இப்ப. விமலா, நான் சொல்லுறதைக் கேள். இல்லை, நான் சொல்லேல்லை. நீ சொல்லு. இந்தக் கதிரையிலை வந்து இருந்து நீ சொல்லு, தமிழிலை சொல்லு, தம்பி எழுதட்டும். கை வெட்டு, சீத்தை, கருப்பட்டி, எல்லாத்தையும். நான் குறுக்கை ஒரு சொல்லுக் கதைக்கமாட்டன்.

விமலா, கொஞ்சம் நில்லு பிள்ளை.