தோணிக்குப்பத்துப் பள்ளிக்கூட மணி

எனக்குக் கருவாட்டுக் குழம்பு ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பத்து ஜனங்கள் எழுதிப்போட்ட மனுவில் எனக்கு அவர்கள்மேல் ஏதோ வன்மம் என்று இருக்கிறதாமே. வன்மமெல்லாம் இல்லை ஐயா. செல்லம்மா வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்டவன் நான். தோணிக்குப்பத்துப் பள்ளிக்கூடம் எப்படி மூடிப்போனது என்று விசாரிக்கத்தானே செங்கல்பட்டு வரை வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தாமோதரன். இங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தேன். மாமல்லபுரம் கடலோரத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. என் வழிகாட்டி ஜானகிராமன் சார் புதுமை விரும்பி. மற்றவர்கள் கணக்கு மட்டும் போடுவார்கள், இல்லாவிட்டால் ஊருக்குள் போய்க் கதை மட்டும் கேட்டு வருவார்கள். சார் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்.

"எண்ணும் சாட்சி, பேச்சும் சாட்சி. ரெண்டும் ஒரே வாக்கு சொல்லணும் தாமோதரா. ஒண்ணு மாத்திச் சொன்னாலும் கேஸ் நிக்காது. அதுக்காக எண்ணுல கை வெச்சே, உன்னைத் தொலைச்சுடுவேன்."

நான் கை வைக்கவில்லை. அதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். கைப்பிடியைச் சுற்றுகிற கணக்கு மெஷினில் தோள்பட்டை வீங்கச் சுற்றினேன். குப்பத்துக்குக் குப்பம் ஒரே கதைதான். மீன் படுகிற மாதங்களில் பள்ளிக்கூடம் காலி. வறுமை பிள்ளைகளைக் கரைக்கு இழுக்கிறது என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, டைப்பும் அடித்தாயிற்று. பிறகுதான் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி தோணிக்குப்பம் வந்தது. அதே வறுமை, அதே மீன், ஆனால் ஒரு பிள்ளையும் படிப்பை விட்டு நிற்கவில்லை.

அந்த ஒரு குப்பத்தை விட்டுவிட்டிருக்கலாமே என்பீர்கள். அது மோசடி ஐயா. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

எண் சொல்லாததைப் பேச்சு சொல்லும் என்று குப்பத்துக்குப் போனேன். மீன் விற்கும் செல்லம்மாவிடம், வறுமையினால் மகள் அஞ்சலையின் படிப்பு கெடுகிறதல்லவா என்று தேன் தடவிக் கேட்டேன்.

"இல்லாத வூடுதான் சார். அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் செல்லம்மா. "கட்டுமரம் கரைக்கு வருது, பசங்க வலையில மீன் பிரிச்சுக் குடுக்குது. ஏலம் முடிஞ்சதும் டீச்சரம்மா மணி அடிக்கும். எல்லாம் ஓடும். வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போவுது?"

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஷரீபுன்னிசா ஒருவர்தான் டீச்சர். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கல்பாக்கம் பஸ் பிடித்து வருவார். வந்து, மணியைத் தொடாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏலம் முடிந்த பிறகுதான் மணி. தாமதமான நேரத்துக்குச் சாயந்திரம் ஈடுகட்டிவிடுவார். அஞ்சலை எனக்கு ஒரு பாடம் முழுவதையும் மூச்சு விடாமல் படித்துக் காட்டினாள். தலைமுடியெல்லாம் மீன் செதில்.

ஆக, மற்றக் குப்பங்களில் பிள்ளைகளை விரட்டியது வறுமை இல்லை, மீன் வருகிற நேரத்தில் அடிக்கிற பள்ளிக்கூட மணிதான். அப்படி எழுதினால் என் அத்தியாயங்களெல்லாம் பொட்டலம் கட்டத்தான் உதவும். கல்லூரியில் விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பட்டம் வாங்காதவனுக்காக அது எத்தனை நாள் காத்திருக்கும்?

நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் பள்ளிக்கூடத் துணை ஆய்வாளர் ஏசுபாதம் பக்கத்தில் இடம் கிடைத்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான். அவரிடம் அந்த டீச்சரை வாயாரப் புகழ்ந்தேன். "தங்கமான அம்மா சார். மீன் ஏலம் முடிஞ்ச பிறகுதான் ஸ்கூலையே திறக்கிறாங்க. என்ன தைரியம் பாருங்க" என்றேன். பாராட்டுவது குற்றமா?

அது நெருக்கடி நிலைக் காலம். ரயில்களே நேரத்துக்கு ஓடுகின்றன என்று பீற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் மீனுக்குக் காத்திருக்கலாமா? மறுவாரமே உத்தரவு போனது. ஒன்பதரைக்கு மணி, மணிக்கு வராதவர் ஆப்சென்ட். ஷரீபுன்னிசாவும் என்னைப் போல நேர்மையானவர். வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடத் தெரியாது.

அவர் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார். "சார், எங்க ஸ்கூல் கணக்கு உங்க கையில இருக்கு. ஏலம் முடிஞ்சு மணி அடிச்சாத்தான் பசங்க வர்றாங்கன்னு மேல ஒரு வார்த்தை சொல்லுங்க. செருப்புக்குத் தகுந்தபடி காலைத் தறிக்கிறதா சார்?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஆராய்ச்சி செய்கிறவன் களத்தில் தலையிடக் கூடாது, அது விதி. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த மீன் பருவத்தில் மறுபடி கணக்கெடுத்தேன். எண் சரிந்திருந்தது, மற்றக் குப்பங்களைப் போலவே அழகாக. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூடினார்கள். டீச்சரை அச்சிறுபாக்கம் பக்கம் மாற்றினார்கள். அடுத்த பள்ளிக்கூடம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். அத்தனை தூரம் போகிற பிள்ளை யார்?

பேச்சுச் சாட்சி மட்டும் பாக்கி. செல்லம்மாவிடம் போனேன். இந்த முறை குழம்பு ஊற்றவில்லை. "இன்னா பண்றது சார். இல்லாத வூட்டுப் புள்ள, மீனு விக்கத்தான் போவும்" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

அஞ்சலை ரோட்டோரம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மீன் கட்டுகிற பழைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நாளைக்கே தொறந்தாலும் வந்துருவேன் சார். நீங்க சொன்னா தொறப்பாங்களா?"

அதை ஓர் எழுத்து விடாமல் அப்படியே ஆய்வேட்டில் சேர்த்தேன். ஏழைக் குழந்தையின் படிப்பு ஆசைக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. படித்த ஜானகிராமன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டு சாட்சியும் ஒரே வாக்கு சொல்லியிருக்கிறது, இப்படி ஒரு ஆராய்ச்சி இந்தக் கல்லூரியில் வந்ததே இல்லை என்றார். பட்டம் வந்தது. வேலையும் வந்தது.

என்ன ஐயா, பேனாவை நிறுத்திவிட்டீர்கள்? ஏசுபாதத்தைத் தற்செயலாகச் சந்தித்ததாகவா எழுதியிருக்கிறீர்கள்? அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் வெள்ளிக்கிழமை எந்த பஸ்ஸில் வருவார் என்று விசாரித்து வைத்திருந்தேன். அவர் வரும்வரை வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றேன். நான் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மணி மாறினால் வருகை எவ்வளவு விழும் என்று முந்தின ராத்திரியே மெஷினில் சுற்றிப் பார்த்திருந்தேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. எண்ணைத் திருத்துகிறவன்தான் அயோக்கியன். நான் ஓர் எண்ணையும் திருத்தவில்லை, குப்பத்தைத்தான் கொஞ்சம் திருத்தினேன்.

பாடுபட்டது வீணாகவும் இல்லை. என் கடைசி அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். மீனவர் பிள்ளைகளுக்கு ஏலம் முடிந்த பிறகு பள்ளிக்கூடம் திறக்கலாம் என்று பரிந்துரை செய்திருக்கிறேன். முழுக்க என் சொந்த யோசனை. மேலிடத்தில் ரொம்பப் பிடித்துப்போய், நடத்திப் பார்க்க ஏற்ற குப்பம் ஒன்றைச் சொல்லும்படி என்னையே கேட்டிருக்கிறார்கள். தோணிக்குப்பம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. என்ன செய்வது, அங்கே பள்ளிக்கூடம் இல்லையே.