முப்பத்தாறாவது வரி

தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூட. பரவாயில்லை, குடிப்பேன். நீங்கள் கேட்டதை முதலிலிருந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. கணினி தெரியாதவருக்கும் விளங்கும்.

பள்ளிமுனையில் எங்கள் மீனவர் சங்கக் கந்தோருக்குள் ஒரு சேர்வர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அதன் திரையில் முப்பத்தாறு படகுகளின் பெயர்கள், செய்தி வராதவரை எல்லாம் பச்சை. கடலில் படகு ஆபத்தில் மாட்டினால் அதில் பூட்டியிருக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்துவார்கள். பெயர் சிவக்கும், இடமும் தெரியும். உடனே கோயில் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டால் கோபதாபம் பாராமல் கரையில் நிற்கிற அத்தனை படகும் இறங்கும். அது இங்கே பழைய கட்டுப்பாடு. பொத்தான் மட்டும்தான் புதிது.

பெட்டியின் செய்தி வெளி இணையத்திலிருந்து வரும். சேர்வரோ உள்ளே இருக்கிறது. இடையில் ஃபயர்வோல், வாசல் காவல்காரன் மாதிரி. யாரை விடலாம் என்று நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்துவிட்டால் உலகத்துக் கள்ளனெல்லாம் வந்து நுழைவான். ஆகவே படகுக்கு ஒரு வரியாக, அந்தந்தப் பெட்டியின் முகவரியை எழுதினேன். முப்பத்தாறையும் கரையில் வைத்து அழுத்திப் பார்த்தோம். முப்பத்தாறும் சிவந்தன. தலைவர் யேசுதாசன் கேக் வெட்டினார்.

மறுநாள் கிறகரியண்ணையின் படகுக்குரிய வரியை அழித்தேன். பட்டியலில் அதுதான் கடைசி.

என் அப்பா மாணிக்கம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். சொந்தப் படகில்லை. கிறகரியண்ணையின் படகில் பதினொரு வருடம் கூலிக்கு வலை இழுத்தார். ஒருநாள் கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணை வலை முழுவதையும் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். மூன்று மணித்தியாலம். கரைக்கு வந்தபோது அப்பாவின் மேல் ஐஸ் மூடுகிற சாக்குக் கிடந்தது.

செத்தவீட்டில் கேட்டேன்.

"வலையை விட்டிட்டு என்னெண்டு தம்பி வாறது?" என்றார். "கொப்பனும் இழுப்பம் எண்டுதான் சொன்னவன்."

சொல்லியிருப்பார். கூலிக்குப் போகிறவன் வேறென்ன சொல்வான்.

பிறகும் சந்தியில் கண்டால், "மாணிக்கத்தின்ர பெடியனுக்குக் கதிரையில இருந்து இருந்து கை மெத்தெண்டு போச்சு," என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்வார். நானும் சிரிப்பேன்.

அவரைக் கொல்ல நினைக்கவில்லை. உதவி வரும் வரும் என்று அவரும் ஒருமுறை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஃபயர்வோலில் இரண்டு விதமாக மறுக்கலாம். முடியாது என்று பதில் அனுப்பலாம். அப்படியென்றால் பெட்டி கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் கீழே போட்டும் விடலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். ஆனால் ஒவ்வொரு அழுத்தலும் பதிவில் நேரத்தோடு விழும். அதை நிறுத்தவில்லை. எனக்குத் தெரிய வேண்டுமே.

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சோளகக் காற்று பிடித்து அடித்தது. காலை ஒன்பது பன்னிரண்டுக்கு முதல் பதிவு விழுந்தது. அடுத்த நிமிடம் இன்னொன்று. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிறகரியண்ணை வந்தார்.

"எனக்குக் காய்ச்சலடா. நிறோஜனையும் தனுஷனையும் தென்கடலுக்கு விட்டனான். ரெண்டு பேற்ற போனும் வேலை செய்யேல்லை. உன்ர பெட்டி என்ன சொல்லுது?"

இருவரும் அவருடைய கூலியாட்கள். நிறோஜன், அப்பா போன பிறகு அவருடைய இடத்துக்கு வந்தவன்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "பச்சை அண்ணை. பிரச்சினை எண்டா அழுத்தியிருப்பாங்கள்."

"அந்த மாடுகளுக்கு அழுத்தத் தெரியுமோ?"

"நான்தானே பழக்கினனான்."

"அப்ப சரி. இருந்து பாத்திட்டுப் போறன்."

முன்பென்றால் காற்றைப் பார்த்த உடனேயே ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்திருப்பார். இப்போது பச்சையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வரியைத் திரும்பச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். யோசித்தேன். சேர்த்தால் உடனே சிவக்கும், மணி அடிக்கும், அவர்களைக் கொண்டு வந்துவிடுவார்கள். வந்ததும், ஒன்பது பன்னிரண்டுக்கே அழுத்தினோம் என்பார்கள். கேள்வி என்னிடம் வரும். அதோடு, அவர் காத்திருக்க வேண்டும் என்பதுதானே என் எண்ணம். காத்துக்கொண்டுதானே இருந்தார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பத்தரை வரை நிமிடத்துக்கு ஒன்று விழுந்தது. பிறகு இடைவெளி கூடியது. பதினொன்று இருபத்தாறுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

படகு மறுநாள் வங்காலைக் கரையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. தனுஷன் பின்னேரம் கிடைத்தான். நிறோஜன் கிடைத்தபோது பெட்டியைக் கழற்றித் தன் நெஞ்சோடு வரிந்து கட்டியிருந்தான். படகு போனாலும் பெட்டியை விடாதே என்று பழக்கியது நான்தான். பிள்ளை சரியாகச் செய்திருந்தான்.

ஓம், வேண்டுமென்றுதான் அழித்தேன். தெரிந்துகொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே எழுதுங்கள். ஆனால் அந்த இருவர் மேலும் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை, அதையும் எழுதுங்கள். இரண்டு சவத்துக்கும் தோள் கொடுத்தேன். கிறகரியண்ணை கிட்டவே வரவில்லை, அடக்கம் செய்த சேமக்காலையின் மதிலோடு நின்றுவிட்டார். மனச்சாட்சி குத்தியிருக்கும்.