சாவிப் பட்டியலின் முதல் வரி

எங்கள் இரத்த வங்கியின் கணினிப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் கண்ணெனக் காத்தவரே! உறங்காத சர்வருக்கு உற்ற துணையானவரே! கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கனிவாகப் பேசியே எங்களைக் கதிகலங்க வைத்தவரே! நாங்கள் வாய் நிறைய அழைத்துப் பழகிய ‘சர்வர் அக்கா’வே, வணக்கம்!

இன்றோடு தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். சர்வருக்குள் யார் யார் நுழையலாம் என்று சொல்லும் கணினிச் சாவிப் பட்டியலில் முதல் வரியாக நிற்கும் தங்கள் சாவியை என்ன செய்வது என்ற கேள்வி மூன்று நாட்களாக எங்களைப் பிடித்து ஆட்டியது. “அக்கா சாவியை அழிக்கக் கை வரலைங்க. அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்று கண்கலங்கினார் நம் மென்பொருள் சோதனையாளர். நாங்களும் அதற்குத் தலையாட்டினோம்.

முன்பெல்லாம் ஒன்பது பேருக்கும் ஒரே கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவர்களும் அதை மனத்தில் சுமந்தே போனார்கள். அப்படிப் போன பழைய தோழர் ஒருவர், தம் புது அலுவலகத்தின் நிரலைப் பழக்க தோஷத்தில் நம் சர்வரில் ஏற்றிவிட்டார். எந்தக் குருதி எவ்வளவு இருக்கிறது என்று நாற்பது நிமிடம் எந்த மருத்துவமனைக்கும் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் பதிவேட்டைப் புரட்டித் தொலைபேசியில் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது!

மறுவாரமே கடவுச்சொல்லுக்குப் பதிலாக, சர்வர் பட்டியலில் ஒரு பாதியும் அவரவர் கணினியில் மறு பாதியுமாக ஆளுக்கொரு சாவி இணை செய்யச் சொன்னீர்கள். “பட்டியல்ல போடுற பாதியை யார் பார்த்தாலும் பரவாயில்லை. உங்க கணினியில இருக்குற பாதியை எனக்குக்கூடக் காட்டாதீங்க” என்றீர்கள். நம் தலைவர் காட்டக்கூடாத பாதியையே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார், அதுவும் மூன்று முறை! “பரவாயில்லை சார், இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற செஞ்சுக்கலாம்” என்று மூன்று முறையும் ஒரே குரலில் சொன்ன பொறுமையை நாங்கள் எங்கே போய் வாங்குவோம்! கடவுச்சொல் வழியை அடைத்த நாளில், எல்லாரும் வெளியே மாட்டிக்கொண்டால் திரும்ப நுழைய வழியாகத் திறந்திருந்த பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, ஒன்பது பேரும் சாவியால் உள்ளே போய்ப் பார்த்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். போகிறவர் சாவி போகிற அன்றே போக வேண்டும் என்று அன்று விதியும் வகுத்தீர்கள். பதினோரு ஆண்டுகளாகப் புது நிரல் ஏறிக்கொண்டே இருக்கிறது. அன்னியர் ஒருவரும் நுழையவில்லை.

சர்வரை அன்று முடக்கிய அந்தப் பழைய தோழரும் நமக்கு வேண்டியவர்தான், கெட்ட எண்ணத்தோடு வந்தவர் அல்லர் என்பது நேற்றுத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஆகவே அக்கா, இம்மடலைப் படிக்கத் தொடங்குமுன் தங்கள் வரியை நீக்கிவிட்டோம். சோதனையாளரே நீக்கினார், மற்ற ஏழு பேரும் அவர் பின்னால் நின்றோம்.

குறையாத உடல்நலமும் குன்றாத சிரிப்புமாகத் தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும்! தங்கள் மடிக்கணினி இதோ மேடையில் இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள். சர்வர் வழிவிட்டால் கண்ணாடியைக் கழற்றுங்கள். விடாவிட்டால், எங்களுக்கு வேலை பிடிபட்டுவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
கணினிப் பிரிவின் எட்டுப் பேர்