பன்னெண்டு கோழி, பத்தொம்போது முட்டை

இறக்காதீங்கண்ணே! கூண்டுல கைய வெக்காதீங்க, அப்பிடியே இருக்கட்டும்... வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளுங்க. நாப்பது கோழின்னு சொல்லித்தானே அனுப்பிச்சாங்க? ஆமா, இந்த வீடுதான். கேட்டுல கோழிப் படம் இருக்கு பாருங்க. என் பொண்ணு வரைஞ்சது, ஒட்டகம் மாதிரி தெரியும், கோழிதான். வீடு தப்பு இல்லண்ணே. ஆர்டருதான் தப்பு.

யாரு குடுத்த ஆர்டரா? எங்க வீட்டம்மாதான்! வேற யாரு. நேத்து சாப்பிடும்போது சொல்றா, "உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம் வெச்சிருக்கேன், காலையில வண்டியில வரும்"னு.

நீங்க ஏதோ பெரிய பண்ணைன்னு நெனைக்காதீங்க. அரை ஏக்கரு. ஒரு ஆடு இருக்கு, என் செருப்பத் தவிர எதையும் வாயில வெக்காது. தக்காளி போட்டோம், நத்தைங்க குடும்பத்தோட வந்து தின்னுட்டுப் போச்சு. தேனீ வெச்சோம்... சிரிக்காதீங்கண்ணே... அதுங்க நான் வாங்கின பெட்டிய விட்டுட்டு தபால் பெட்டியில போயி குடியேறிருச்சு. இப்ப தபால்காரரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கடுதாசிய வீசிட்டு ஓடுறாரு.

இந்த லட்சணத்த பாத்துட்டுதான் எங்க வீட்டம்மா கெடு வெச்சா. ஆறு மாசம். அதுக்குள்ள இந்த மண்ணுலேருந்து சாப்பிடற மாதிரி ஒரே ஒரு பொருள் வரணும், இல்லன்னா பழைய ஃபிளாட்டுக்கே போயிடலாம்னுட்டா. நாலாவது மாடிண்ணே அது! ஜன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுக்காரரு பல்லு வெளக்கறதுதான் தெரியும். இருபது வருஷம் அந்தப் பல்லையே பாத்தேன். இனிமே முடியாதுண்ணே. சேறோ சகதியோ, எனக்கு இங்கதான் மூச்சு வருது.

அதான் கோழி வாங்கினேன். பன்னெண்டு. இப்ப ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். நான் முப்பது வருஷம் கம்பெனியில ஆள் எடுக்கற வேல பாத்தவன். பழக்கம் விடுமா? சந்தையில போயி, "புதுசா சேர்ந்ததுங்க வேணாம், நல்லா அனுபவம் உள்ளதா குடுங்க, கொறைஞ்சது மூணு வருஷம்"னு கேட்டேன். அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பாத்தான். அப்புறம் ஓடி ஓடிப் புடிச்சுக் குடுத்தான். எனக்கு ஒரே பெருமை! ஒரு மாசம் ஆச்சு, ஒரு முட்டை கெடையாது. கால்நடை டாக்டரக் கூட்டிட்டு வந்து காட்டினா, அவரு ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்துட்டு, "சார், இதுங்க எல்லாம் ரிட்டயர் ஆயிருச்சு"ங்கறாரு!

இருங்க இருங்க, கயித்த அவுக்காதீங்க! இப்பதான் விஷயத்துக்கே வர்றேன்.

வீட்டுல எப்பிடிச் சொல்றது? சைக்கிள எடுத்தேன், பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு கடை, அங்க நம்மள யாருக்கும் தெரியாது. ஆறு முட்டை. விடியறதுக்குள்ள வைக்கோலுக்குள்ள வெச்சிட்டேன். தப்புதான்... ஆனா அவ அந்த முட்டைய கையில எடுத்துக்கிட்டு நின்னா பாருங்க, அந்த மூஞ்சி! கல்யாணத்தன்னிக்குக் கூட அப்பிடிச் சிரிக்கலண்ணே. அப்புறம் எங்கேருந்து நிறுத்தறது?

சரி, தினம் ஆறு வெச்சா தினம் ஆறுதானே வரணும்? ரெண்டாவது வாரம் பத்து வந்துச்சு. அப்புறம் பதினஞ்சு. அப்புறம் பத்தொம்போது! பன்னெண்டு கோழிண்ணே. பத்தொம்போது முட்டை. எனக்குக் காய்ச்சலே வந்துருச்சு.

ஒரு நாள் ஒடைச்சா உள்ள அவிச்ச முட்டை! அவிச்சதுண்ணே, உப்பு மட்டும்தான் போடல. எங்க மாமியாரு அசரவே இல்ல. "கோழிக்கு உடம்பு சூடு மாப்ள, உள்ளயே வெந்துருக்கும்"னாங்க. அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. மறுநாள் மறைஞ்சு நின்னு பாத்தேன். மாமியாரு மடியில நாலு முட்டைய கட்டிக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு போறாங்க. "பொண்ணு மனசு நோகக் கூடாதுல்ல"னு கோழிக்கிட்ட சொல்றாங்க! அவங்க போனதும் என் பொண்ணு வர்றா, அஞ்சு. கடைக்காரன் அடிச்ச முத்திரைய நகப்பூச்சு அழிக்கற தண்ணிய வெச்சு தொடைச்சுத் தொடைச்சு வெக்கறா. முட்டையெல்லாம் பியூட்டி பார்லர் வாசன. நான்தான் இத்தன நாளு அது கோழிக்குப் போட்ட தீனியோட வாசனன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

கணக்கு பாருங்க. என்னுது ஆறு, மாமியாருது நாலு, பொண்ணோடது அஞ்சு. பதினஞ்சு. மீதி நாலு இருக்குல்ல? அந்த நாலுதாண்ணே என் உசுரு! டாக்டரு என்ன சொல்லட்டும், அந்த நாலு என் கோழிங்க போட்டது. வயசான காலத்துலயும் எனக்காக முக்கி முக்கிப் போடுதுங்க. சாயங்காலம் தனியா போயி ஒவ்வொண்ணுக்கும் நன்றி சொல்லிட்டு வர்றேன். அதுங்களுக்கும் புரியுது, தலைய ஆட்டுதுங்க.

நாப்பது எதுக்குன்னா... என் வாய்தான் காரணம். போன வாரம் ஒரு ஆம்லெட்ட தின்னுட்டு, "இதே மாதிரி இன்னும் நாப்பது இருந்தா ராஜாவாட்டம் இருப்பேன்"னு சொல்லித் தொலைச்சேன். எங்க வீட்டம்மா அத கோழின்னு எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் முட்டை போட தனித் தனி டப்பா அடிச்சு நம்பர் போட்டு வெச்சிருக்கா. புதுசுங்களுக்குப் பழசுங்க சொல்லிக் குடுக்கணுமாம்! இனிமே எந்த டப்பாவுல எது வருதுன்னு தெரிஞ்சு போயிடும்ல? பன்னெண்டும் காலியா கெடக்கும். நாலாவது மாடி, எதுத்த வீட்டுப் பல்லு... அண்ணே, வண்டி ரிப்பேருன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

என்னது?... எங்க வீட்டம்மாவ உங்களுக்குத் தெரியுமா? எப்பிடி? தினம் இந்த வழியாத்தான் கடைக்கு முட்டை கொண்டு போறீங்களா... இன்னிக்கும் பின்னாடி தட்டுல இருக்கா... சரி... அந்த வளைவுல வண்டிய நிறுத்துவாளா... தினமுமா...

எத்தன வாங்குவா?

...நாலா?

இல்லண்ணே, ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்தேன். நாலு. சேத்துல கால் வெக்கவே அருவருப்பா இருக்குன்னு சொன்னவண்ணே அவ. அவதான் கெடு வெச்சா. அவளே... காலங்காத்தால அந்த வளைவு வரைக்கும் நடந்து வந்து... என்ன சொல்லுவா வாங்கும்போது? "எங்க வீட்டுக்காரரு பாவம், சந்தோஷமா இருக்காரு"ன்னா?

இறக்குங்கண்ணே. நாப்பதையும் இறக்குங்க. இருங்க... கதவு சத்தம். அவதான் வர்றா, கையில துணிப்பை வெச்சிருக்கா பாருங்க. நான் வண்டிக்கு இந்தப் பக்கம் குனிஞ்சுக்கறேன். நீங்க என்னைப் பாக்கவே இல்ல, சரியா? போங்க, போயி குடுங்க... முட்டை நல்ல பெருசா நாலு பாத்துக் குடுங்கண்ணே.