ரஞ்சனி யார் பாகம்?

– அண்டா உனக்கு, இட்லிப் பானை எனக்கு. பித்தளைக் குடம் ஆளுக்கு ஒண்ணு. எல்லாம் ஆச்சு. இப்ப ரஞ்சனி யாருக்கு, அதைச் சொல்லு புவனா.

– ரஞ்சனியையுமா பிரிக்கணும், அக்கா?

– பின்ன? பாகம்னா எல்லாந்தான். அவ மட்டும் இன்னா, கோயில் சொத்தா?

– அவ கம்ப்யூட்டர்ல இருக்கிற பொம்மை. கம்ப்யூட்டர் எங்க பங்குக்கு வந்துடிச்சேக்கா.

– கம்ப்யூட்டர் உன் வீட்டுக்காரர் குமரகுரு பொடவை பார்டருக்கு டிசைன் போடுறதுக்கு. அது தறி மாதிரி, ஆம்பிளைங்க சாமான். ரஞ்சனி அப்படி இல்ல. அவள நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம். அவளுக்கு மூக்கு வெச்சது யாரு?

– நீ.

– மூக்குத்தி?

– அதுவும் நீதான். முடி நான் வெச்சேன்.

– முடியா அது? முட்டிக்கால் வரைக்கும் தொங்க விட்டுட்டே. அவ பறந்தா மூஞ்சில வந்து அடிக்குது.

– நீதான் பறக்கவே மாட்டியேக்கா. அந்த இன்டர்நெட் ஊர்ல எல்லாரும் பறக்கிறாங்க. பட்டன் அமுக்கினா போதும்.

– எல்லாரும் பறக்கட்டும். நல்ல குடும்பத்துப் பொண்ணு நடந்துதான் போவணும். ஒரு தீவுலேருந்து அடுத்த தீவுக்கு நான் கடலுக்குள்ளயே நடந்து போயிருக்கிறேன், தெரியுமா? போயி அந்தப் பக்கம் கரையேறினேன். சுடிதார் நனையவே இல்ல.

– பட்டு நெய்யிற வீட்டுப் பொண்ணுக்கு ஒரு பொடவை கட்டி விட முடியல நம்மால.

– அங்க விக்கிற பொடவையில முந்தானை பலகையாட்டம் நேரா நிக்குது. அதைக் கட்டிக்கினு போனா காஞ்சிபுரத்துக்கே கேவலம். சுடிதாரே மேல்.

– அவளுக்கு ஒரு மாடுகூட இருக்குதுக்கா.

– அந்த மாட்ட நீயே வெச்சிக்கோ. பாலும் தராது, சாணியும் போடாது. கூப்பிட்டா தலைய மட்டும் ஆட்டுது. இந்த வீட்ல அதுக்கு ஏற்கெனவே ஆளு இருக்குது.

– மாமாவ அப்படிச் சொல்லாதேக்கா, கீழதான் இருக்கிறாரு.

– மங்கை! ஏ மங்கை! மேல இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்? நேரமாவுது, கோயில் நடை சாத்திடுவாங்க. கற்பூரத்த எடுத்துக்கினு எறங்கி வா.

– வரேங்க! ஒரு சாமான் பாக்கி இருக்குது. பிரிச்சிட்டு வரோம்.

– இன்னா சாமான்?

– பொம்பளைங்க சாமான்.

– சரி சரி. சீக்கிரம் வாங்க.

– பாத்தியா, என் வீட்டுக்காரரு இன்னா சாமான்னு ரெண்டாந்தரம் கேக்க மாட்டாரு. அந்த மட்டும் நல்ல மனுஷன்.

– அக்கா, நெஜமாவே கற்பூரம் அணைக்கப் போறாங்களா?

– பின்ன, சும்மாவா கோயிலுக்குப் போறாங்க? கச்சபேஸ்வரர் சன்னதியில அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கற்பூரத்தக் கொளுத்தி, கையால அடிச்சி அணைப்பாங்க. அதோட இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சு கிடையாது. நல்லது கெட்டது கிடையாது. பொண்டாட்டிங்களும் அதுல சேத்தி. நாளைக்கு நான் உன்ன தெருவுல பாத்தாக்கூட, கடன் பாக்கி வெச்ச பூக்காரிய பாக்கிறாப்போல மூஞ்சத் திருப்பிக்கினு போவணும்.

– அணைச்ச பிறகு மீறிட்டா?

– மீறக்கூடாது. நம்ம தெருக்கோடியில ஒரு குடும்பம் மீறுச்சு. இப்ப அந்த வீட்ல செருப்புக்கடை.

– செருப்புக்கடை நல்லாத்தான் ஓடுது.

– கடை ஓடுது. குடும்பத்தக் காணோமே.

– அக்கா, நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

– சொல்லு. திட்டுறதா வேணாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்.

– சத்தியம் மங்கையர்க்கரசிக்கும் புவனேஸ்வரிக்கும்தானே? ரஞ்சனி மேல சத்தியம் இல்லியே. ரஞ்சனிய நீ எடுத்துக்கோ. மேட்டுத் தெரு பிரவுசிங் சென்டர்ல புது கம்ப்யூட்டர் போட்டிருக்காங்க. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்க போ. நாங்க குடிபோற முசரவாக்கத்துக்குப் போயி நான் புதுசா ஒருத்திய செஞ்சிக்கிறேன். அந்த ஊர்ல தமிழாளுங்க கூடுற டீக்கடைக்கு வந்து, உன் பக்கத்துல பெஞ்சில உக்காந்து, "உங்க பேரு இன்னாங்க"ன்னு கேக்கிறேன். நீ "ரஞ்சனி"ன்னு சொல்லு. புதுசா பழகுறாப்போல பழகலாம்க்கா. தெனமும் பாத்துக்கலாம்.

– இவ்ளோ நீளமா நீ பேசி நான் பாத்ததே இல்லியே.

– ராத்திரி எல்லாம் யோசிச்சிக்கினு இருந்தேன். நல்ல ஐடியாதானேக்கா?

– நல்ல ஐடியாதான். நான் வரல.

– ஏன்க்கா?

– அந்த டீக்கடைக்கு இனிமே நான் வர மாட்டேன். டீயே இல்லாத கடை.

– டீக்காகவா நாம போனோம்? அவங்கல்லாம் எவ்ளோ நல்லவங்க!

– உனக்கு நல்லவங்க.

– நமக்குன்னு சொல்லுக்கா. அவங்களுக்கு நாம ரெண்டு பேருன்னு தெரியாதே. ரஞ்சனி ஒருத்திதான்.

– ஒருத்தியா? அந்தத் திருப்பூர்க்காரரு புலித்தலைய மாட்டிக்கினு வருவாரே, அவரு எங்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? "ரஞ்சனி, காலையில நீ வந்தா கடை கலகலன்னு இருக்குது. மத்தியானம் ஆனா உனக்கு இன்னாவோ ஆயிடுது. காலையில இருக்கிற ரஞ்சனிதான் எங்களுக்கு வேணும்"னாரு. சொல்லிட்டுப் பறந்து போயிட்டாரு. கூட இருந்தவங்களும் ஒவ்வொருத்தரா எழுந்து பறந்துட்டாங்க. நான் ஒருத்தி பெஞ்சில உக்காந்துக்கினு இருக்கிறேன்.

– எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே.

– இன்னான்னு சொல்றது? காலையில போறவ நீ. மத்தியானம் போறவ நான். உன்னப் புடிச்சிருக்குதாம், என்னப் புடிக்கலியாம்னு உங்கிட்டயே வந்து சொல்லணுமா?

– விளையாட்டுக்கு சொல்லியிருப்பாருக்கா.

– புலித்தலைய மாட்டிக்கினு வர்றவன் விளையாட்டுக்குத்தான் பேசுவான். எனக்குத்தான் அது விளையாட்டா இல்ல. கேளு புவனா, இன்னிக்கு விட்டா சொல்ல முடியாது. நீ இந்த வீட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கு தெருவே திரண்டு வந்து உன்னப் பாத்துச்சு. பாத்துட்டு எங்கிட்ட வந்து, "உன் ஓரகத்தி தங்க விக்ரகமாட்டம் இருக்கிறா"ன்னு சொல்லிட்டு, என்னை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க பாரு. அந்தப் பார்வைய இன்னிக்கு வரைக்கும் வாங்கிக்கினு இருக்கிறேன். கல்யாணம் காட்சின்னா உன்னத்தான் முன்னால நிக்க வெச்சி போட்டோ எடுப்பாங்க. நான் பந்தியப் பாத்துக்கணும்.

– நான் ஒருநாளும் அப்படி...

– உன் மேல தப்பே இல்லடி. கலரை நீ கேட்டா வாங்கினு வந்தே? குறுக்க பேசாம கேளு. ரஞ்சனிய செஞ்சோமே, அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஒரே மூஞ்சி. உனக்கும் எனக்கும் ஒரே மூஞ்சி, ஒரே முடி, ஒரே சுடிதார். இங்கதான் தோலப் பாக்கிறாங்க, அங்க மனுஷியப் பாப்பாங்கன்னு நெனச்சேன். பாத்தாங்க. பாத்துட்டு உன்னயே எடுத்துக்கினாங்க. அப்ப குறை என் கலர்ல இல்லதானே? எங்கிட்டயே இருக்குது. எந்த மூஞ்சிய மாட்டிக்கினு போனாலும் மங்கையர்க்கரசின்னா வேணாம்.

– அழாதேக்கா.

– யாரு அழுறாங்க? இந்த ரூம்ல தூசி. கம்ப்யூட்டர எடுத்தா எவ்ளோ தூசி பாரு. உன் நாத்தனார் யாராவது இத ஒருநாள் தொடைச்சிருப்பாளா?

– எனக்கு நாத்தனாரே இல்லியேக்கா.

– அதான் தூசி.

– அக்கா, மத்தியானம் அங்க போயி நீ எப்படிதான் பேசினே?

– உன்ன மாதிரிதான்! ரெண்டு பேருன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நாம பேசி வெச்சிக்கினோம் இல்ல? அதுக்காக மொத நாள்லேருந்து என் வாயக் கட்டிப் போட்டுட்டேன். எவன் இன்னா சொன்னாலும் "அப்படிங்களா, சரிங்க, சாப்டீங்களா"ன்னு மெல்லிசா பேசினேன். நீ பேசுறாப்போலவே. எனக்கே வாய்க்குள்ள சீனிப்பாகு ஊத்தினாப்போல இருந்துச்சு. அப்படியும் அந்தப் புலி "நடிக்காதே ரஞ்சனி"ன்றாரு!

– அய்யோ அக்கா.

– இன்னா அய்யோ? இன்னும் முழுசா கேளு. பாகம் கேட்டது யாருன்னு நெனச்சிக்கினு இருக்கிறே?

– மாமாதான். தறிக்கூடத்துல இடம் பத்தலன்னு.

– உங்க மாமா தானா ஒரு காப்பிகூட கேக்க மாட்டாரு, பாகத்தக் கேப்பாரா? இடம் பத்தலன்னு அவருக்குச் சொன்னது நான். உன் வீட்டுக்காரரு சிரிச்சா, "உங்களப் பாத்துதான் சிரிக்கிறாரு"ன்னு சொன்னது நான். அவரு சிரிக்கலன்னா, "மொறைக்கிறாரு பாருங்க"ன்னு சொன்னதும் நான். ஒரு மாசம் ஊதினேன். பத்திக்கிச்சு.

– ஏன்க்கா?

– தெனம் காலையில நீ இந்த ரூம்லேருந்து சிரிச்சிக்கினே எறங்கி வருவே. அந்த சிரிப்ப பாக்க முடியல புவனா. உன்மேல கோவப்படவும் முடியல. கோவப்பட நீ ஒண்ணுமே பண்ணலியே. நீ கண் காணாம போனாத்தான் எனக்கு சோறு எறங்கும்னு ஆயிடிச்சி. போதுமா?

– மங்கை! தம்பி வண்டியில ஏறி உக்காந்துட்டான். நீங்க வரீங்களா, நாங்க போவட்டுமா?

– ஏங்க, வரோம்னு சொன்னேன்ல! கெளம்பு புவனா. அந்த ஒயர கழட்டு. ரஞ்சனிய நீயே எடுத்துக்கினு போ. அவ உன் பொண்ணுதான், ஊரே சொல்லிடிச்சி.

– நான் கழட்ட மாட்டேன்.

– ஏண்டி?

– நான் நாலு பேர் எதிர்ல வாயத் தொறந்து நீ பாத்திருக்கியாக்கா?

– நீ எங்க தொறந்தே? கூட்டத்துல யாராவது பேர் கேட்டாலே என் பின்னால வந்து ஒளிஞ்சிக்குவே. உனக்கும் சேத்து நான்தான் பதில் சொல்லணும்.

– அப்படிப்பட்டவ அந்தக் கடையில இன்னா பேசியிருப்பேன்னு ஒருநாளாவது யோசிச்சியா? மொத நாளு முழிச்சிக்கினு நின்னேன். அப்புறம், ரெண்டு பேருன்னு தெரியக்கூடாதேன்னு, நீ இருந்தா இன்னா சொல்லுவேன்னு யோசிச்சி யோசிச்சி அதையே டைப் பண்ணேன். அந்தப் புலிய "வால சுருட்டிக்கினு ஓரமா உக்காருய்யா"ன்னு திட்டினதுக்கு கடையே சிரிச்சிச்சு. தெனம் எவனையாவது உன் வாயால திட்டிட்டு, அந்த சிரிப்போடதான் நான் கீழ எறங்கி வருவேன். மூணு வருஷமா அவங்களுக்குப் புடிச்சிருந்தது உன்னத்தான்க்கா. மத்தியானம் வந்து என்ன மாதிரி பேசினாளே, அவளத்தான் புடிக்கல.