பின்சுவரில் இரண்டு பெட்டிகள்

ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் அறையை அளக்க வேண்டும் மேடம். நிறையப் பேர் இதைச் செய்யாமல் கடைக்குப் போய் ஏமாந்து வருகிறார்கள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்த அறைக்கு அதுதான் நல்ல இடம். முன்னால் இடமும் வலமும் ஒவ்வொரு பெட்டி, நடுவில் ஒன்று, டிவிக்குக் கீழே ஊஃபர், உங்கள் தலைக்குப் பின்னால் சுவரில் இரண்டு. அந்த இரண்டும்தான் ஹோம் தியேட்டருக்கு உயிர்.

ரங்கண்ணன் செத்ததைப் பற்றி விசாரிக்கத்தான் என் ஜீப்பிலேயே ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன், எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் பெட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

அமிர்திக்கு மேலே இந்த ஊரில் ஜீப் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பிரசவமோ பாம்புக்கடியோ ரேஷன் மூட்டையோ, எல்லாம் வேடியப்பன் வண்டியில்தான். சதா இன்ஜின் இரைச்சலையே கேட்டுக் கிடக்கிற காதுக்கு நல்ல சத்தமாக ஏதாவது கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். பத்தாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றாள் என் மனைவி சசிகலா. வேலூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பெட்டி மேல் ஆயிரம் வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். பின்னால் ஒட்டியிருக்கிற சின்னக் காகிதத்தில்தான் உண்மை இருக்கும். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் என்றால் டப்பா மாதிரி கேட்கும். கடைசியில் கணியம்பாடியில் செபாஸ்டியன் என்பவர் தன் கையாலேயே மரப்பெட்டி அடித்து, நம் மலை கரண்டுக்குத் தாங்குகிற மாதிரி செய்து கொடுத்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பின்னாடி போற வயரு மட்டும் தடிமனா போட்டுக்கங்க. எலி இருக்கற வூடு."

நான் மெலிசான வயரே போதும் என்றேன். பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஜீப் நிற்கிற இடத்திலிருந்து வீடு வரைக்கும் ஊஃபரைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தது ரங்கண்ணன்தான். ஓடையைத் தாண்டும்போது கால் நனைந்ததே தவிர, பெட்டியில் ஒரு சொட்டு படவில்லை. நல்ல மனிதர். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஓடையோ சரிவோ இருக்கும். மேலே பாறைக்கு ஏறினால்தான் செல்போனுக்கு சிக்னல். அதனால் கூவுவோம். ஒரு கூவல் வந்தால், இருக்கிறாயா என்று அர்த்தம், பதிலுக்குக் கூவ வேண்டும். மூன்று கூவல் சேர்ந்தாற்போல் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். யார், எதற்கு என்று யோசிக்கக் கூடாது.

பெட்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு காட்டுப் படம் போட்டேன். ஊரே இந்த அறையில்தான். படத்தில் ஒருவன் மலை மேல் நின்று மூன்று தடவை கூவினான், சத்தம் பின்சுவரிலிருந்து வந்தது. அவ்வளவுதான், பாதிப் பேர் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். வெள்ளையம்மாள் அத்தை ஜன்னலில் தலையை நீட்டிப் பதிலுக்குக் கூவியே விட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"பாக்ஸுங்க, பாக்ஸு! வந்து உக்காருங்க" என்று எல்லோரையும் திரும்ப அழைத்து, அதே இடத்தை மறுபடியும் மறுபடியும் போட்டுக் காட்டினேன். நான்காவது தடவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீக்கிரம் கற்றுக்கொள்கிற ஜனங்கள்.

சசிகலாவின் தம்பி தமிழ்மணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலூரில் வேலை பார்க்கிறவன், என்னுடையதைவிட இரண்டு மடங்கு விலையில் சவுண்ட் பார் என்கிற ஒற்றை நீளப் பெட்டி வாங்கியவன். "நாலு சொவத்துக்குள்ள பின்னாடி சத்தம் இன்னாத்துக்கு மாமா? உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று போனில் பேசும்போதெல்லாம் சிரிப்பான். அடுத்த ஞாயிறு அவன் வருவதாகச் சொன்னான். நானும் மார்தட்டி வரச் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு காலையில் பார்த்தால், பின்பக்கத்து வயர் இரண்டையும் எலி துண்டு துண்டாகக் கடித்துப் போட்டிருந்தது. பாறைக்கு ஏறி செபாஸ்டியனுக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றார். அந்தப் போனைப் பற்றித்தான் அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். பொய் பேசாத மனிதர், அவரிடம் நீங்கள் நம்பி வாங்கலாம். வீட்டில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்பக்கத்து மூன்று பெட்டியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மாசி மாதம், புளி உலுக்குகிற சமயம். ரங்கண்ணன் துறட்டியும் கையுமாக இந்த வாசல் வழியாகத்தான் போனார். "ரெண்டு மரம் உலுக்கிட்டு வர்றேன் வேடி. அந்தக் கூவற சீன் வர்றதுக்குள்ள வந்துடறேன்" என்றார். அவர் மனைவி காந்தா அண்ணி முன்னாலேயே வந்து, முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

மதியம் மூன்று மணி இருக்கும், அதே காட்டுப் படம். கூவுகிற சீன் வந்தது, போனது. முன்பெட்டிதான் கூவியது. தமிழ்மணி வாயைக் கோணிக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு முகம் செத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பின்பக்கமிருந்து மூன்று கூவல் வந்தது. தூரத்தில், சரிவுக்குக் கீழே, அவ்வளவு துல்லியமாக.

தமிழ்மணி கழுத்தைத் திருப்பிச் சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"யோவ் மாமா! இன்னா க்ளியரா கீது! நீ வாங்கனதுதான் சரி."

எல்லோரும் கை தட்டினார்கள். காந்தா அண்ணி மட்டும் பாதி எழுந்து நின்றாள்.

"வேடி, இது எங்கூட்டுக்காரரு கொரலாட்டம் கீதே."

"உக்காருங்க அண்ணி, பாக்ஸுதான். நல்ல பாக்ஸுன்னா தெரிஞ்சவங்க கொரல் மாதிரியே கேக்கும்."

அண்ணி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "அதானே, அவரு வந்து கேக்கட்டும்" என்றாள்.

வயரே இல்லாத பெட்டி பேசாது என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நியாயமாக யோசியுங்கள் மேடம். பெட்டி வாங்கியதிலிருந்து ஏளனம் பேசியவன், ஊர் முன்னால் வாயைத் திறந்து ஒத்துக்கொண்ட நிமிடம் அது. அந்த நிமிடத்தில் எழுந்து, இது பெட்டி இல்லை, ஓடுங்கள் என்று சொன்னால் என் கதி என்ன? படம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், முடிந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் மேல் எனக்கு என்ன பகை?

முடிந்ததும் எல்லோருக்கும் டீ போட்டாள் சசிகலா. பெட்டியைப் பற்றியே பேச்சு. தமிழ்மணி செபாஸ்டியனின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு காந்தா அண்ணி புருஷனைத் தேடிப் போய், மரத்தடியில் பார்த்துவிட்டு, அங்கே நின்று மூன்று தடவை கூவினாள். இந்தத் தடவை எல்லோரும் ஓடினோம். கிளை முறிந்து விழுந்திருந்தார், தொடையெலும்பு வெளியே தெரிந்தது, அடியிலிருந்த சருகெல்லாம் ரத்தம். நான் ஜீப்பை இறக்கிய வேகத்தில் இந்த மலையை இதுவரை யாரும் இறங்கியதில்லை, கேட்டுப் பாருங்கள். அமிர்தி செக்போஸ்ட் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜீப் அன்றைக்கு மதியம் முழுக்க இதோ இந்த ஓடைக்கு அந்தப் பக்கம்தான் நின்றது.

ஊரார் எழுதிக் கொடுத்ததில் ஒரு தப்பு இருக்கிறது, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ரங்கண்ணன் ஒரே ஒரு தடவை கூவினார் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் படத்தில் மூழ்கிவிட்டார்கள், பாவம். நான் கவனித்துக் கேட்டேன். மும்மூன்றாக மூன்று தடவை கூவினார். நான்காவது தடவை இரண்டு கூவல்தான் கேட்டது. மூன்றாவதும் வந்திருக்கலாம் மேடம், எனக்குத் தெரியாது. காந்தா அண்ணி மறுபடியும் எழப் பார்த்தாள், அதற்குள் ரிமோட்டை எடுத்து நான் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.