சுருட்டிலிருந்து பைப்புக்கு

சுருட்டுப் பிடிக்கிறவர்கள் பைப்புக்கு மாறினால் செலவு நன்றாகக் குறையும். இது பலருக்குத் தெரிவதில்லை. பைப் என்றாலே சீமைச் சமாசாரம், நமக்குக் கட்டுப்படியாகாது என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டர். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் நடந்ததைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், தெரியும். பைப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் அது உங்களுக்குச் சரியாகப் புரியும்.

விலை உயர்ந்த மரத்தில் செய்த பைப் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். மக்காச்சோளக் கதிரின் தக்கையைக் குடைந்து செய்த பைப் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. புகையிலைக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. சுருட்டின் அடித்துண்டுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்துவைத்து, உதிர்த்து, அடியில் தளர்வாகவும் மேலே கொஞ்சம் இறுக்கமாகவும் நிரப்பினால் போதும். வேகமாக இழுத்தால் நாக்கு வெந்துபோகும். நிதானம் வேண்டும், அது என்னிடம் எப்போதும் உண்டு.

சுருட்டுக்காரன் பைப்புக்கு வந்ததும் ஒரு தப்பு செய்வான். சுருட்டை அப்படியே வைத்துவிட்டால் தானாக அணைந்துவிடும். பைப்பும் அப்படித்தான் என்று நினைத்து ஜிப்பா பையில் போட்டுக்கொள்வான். மேலே சாம்பல் ஆறியிருக்கும், அடியில் கங்கு உயிரோடு இருக்கும். தக்கை சூட்டை வெளியே விடாது, தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. என் ஜிப்பாவும் ஒன்று அப்படிப் பொத்தலாயிற்று. பிரீத்திகா, என் மனைவி, தீய்ந்த வாடையை வைத்துக் கண்டுபிடித்தாள். வீட்டைக் கொளுத்திவிடாதீர்கள் என்று சிரித்தாள்.

முனியராஜ் எங்கள் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். அவனுடைய அப்பா காரியாபட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். கைசுத்தமான வேலைக்காரன் என்பதால் பாதுகாப்பு மேற்பார்வையையும் நான்தான் அவனுக்குக் கொடுத்தேன். காலையில் வேன்கள் வந்து நின்றதும் ஆண்களின் இடுப்பு, மடி, சட்டைப்பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவான். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டாது. முதலாளியை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. எந்தக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம்.

டெல்லியிலிருந்து பெரிய ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி வந்திருந்தார். நான் பைப்பும் கையுமாக அவரோடு பேசிக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தேன். முனியராஜ் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"மொதலாளி, அத இங்கன வச்சிட்டுப் போங்க."

அணைந்துவிட்டது என்றேன்.

"இருக்கட்டும் மொதலாளி. அம்புட்டுப் பேரு உசுரு உள்ள இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தான."

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாரிசெல்வி என்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டெல்லிக்காரரும் சிரித்தார், இங்கே யார் முதலாளி என்று கேட்டார். நான் பைப்பைக் கொடுத்தேன். அவன் தோளில் தட்டி, இவனைப் போல ஆள் கிடைக்காது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அவன் நீட்டிய உள்ளங்கை கண்ணுக்குள்ளேயே நின்றது. அதற்குப் பிறகு தினமும் அதே கையை நீட்டினான், நானும் தினமும் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனேன். சீசன் நேரம், மருந்து அறையில் வேலை மும்முரமாக இருந்தது. முனியராஜை வாசலுக்குக் கூப்பிட்டேன். பைப்பை அவன் கையில் வைத்தேன்.

"ஏலே முனியராஜு, இனிமே இத நான் தொடப் போறதில்ல. நீயே வச்சுக்க. ஒனக்குப் பயந்து மொதலாளி விட்டுட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியும் வழக்கத்தை விடாமல் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தான். ஆறிய சாம்பல். நேற்றே அணைத்தது என்று சொன்னேன். கேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன் என்றான். கலக்கின மருந்தைப் போட்டுவிட்டுப் போகாதே, முடித்துவிட்டுப் போ, நான் சொல்கிறேன் இல்லையா என்றேன். கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையில் அதைப் போட்டான். முதலாளி வார்த்தைக்கு மேல் அவன் யோசிக்கவில்லை. அந்த நம்பிக்கையை நான் இன்றும் மதிக்கிறேன்.

நான் சிவகாசிக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். போ என்றேன்.

பக்கத்து அறையில் இருந்த மாரிசெல்வி முதுகெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நான் பைப் கொடுத்ததைப் பார்த்தவள் அவள்தான். அவள் சொன்னதை வைத்து நீங்கள் என் பேரில் எழுதிய வாக்குமூலத்தைப் படித்தேன். 'பைப் முழுவதும் அணைந்துவிட்டதாக எண்ணி, கவனக்குறைவாகக் கொடுத்துவிட்டேன்.' கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்று என் வக்கீலும் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் நான் போட மாட்டேன்.

முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறேன். கவனக்குறைவானவன் என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. அடியில் தடித்த சுருட்டு இலையை வைத்துப் பற்றவைத்து, மேலே ஆறின சாம்பலைப் போட்டு மூடி, அதைப் பழைய துணிப்பைக்குள் வைத்து என் வீட்டு மாடியில் பலமுறை பார்த்திருக்கிறேன். பை புகைய எவ்வளவு நேரம் ஆகும், நான் எந்த வளைவைத் தாண்டியிருப்பேன் என்பது வரை எனக்குத் தெரியும். மருந்துத் தூசி படிந்த பை அதைவிடச் சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். இதைக் கவனக்குறைவு என்று எழுதினால் என் வேலையை நீங்கள் கேவலப்படுத்துகிறீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள்.

வேலுத்தாய் விஷயம் வேறு. முனியராஜின் பெண்டாட்டி அவள், திரி அறுக்கிற ஷெட்டில் வேலை செய்தாள், அது தள்ளி இருக்கிறது, அவனோடு அவளும் செத்திருக்கக் கூடாது. நான் போனதும் முனியராஜ் ஆள் விட்டு அவளை வரச்சொல்லியிருக்கிறான். 'சங்கரலிங்கம் முதலாளியே என் பேச்சைக் கேட்டுப் புகையை விட்டுவிட்டார், பார்' என்று பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தானாம். மாரிசெல்வி சொன்னதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அவன் இவ்வளவு சந்தோஷப்படுவான் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் பெயருக்கு நேரே மட்டும் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.